இணையத்துக்கு வழி சொல்பவர்கள்

2020 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி மாலை மூன்றரை மணி தாண்டிய சில நிமிடங்களில் அமெரிக்காவின் செஞ்சுரிலிங்க் நிறுவனத்தின் நெட்வொர்க் தடுமாற ஆரம்பித்தது. நமக்குப் பழக்கமில்லாத பெயர்தான். ஆனால் அதன் கையில் இருந்த ‘லெவல் 3’ நெட்வொர்க், கண்டம் விட்டுக் கண்டம் டேட்டாவைக் கொண்டுபோகும் மிகச் சில பெருநிறுவனங்களில் முன்வரிசையில் இருப்பது.

பெரிய நெட்வொர்க் விழுவது புதிதல்ல. விழுந்தால் வாடிக்கையாளர்கள் வேறு நெட்வொர்க்குக்கு மாறிக்கொள்வார்கள். விவரம் தெரிந்த நிறுவனங்கள் இரண்டு மூன்று இடங்களில் காசு கட்டி இணைப்பு வைத்திருப்பதே அதற்காகத்தான். அன்றும் மாறப் பார்த்தார்கள். லெவல் 3 பக்கம் இருந்த இணைப்பை இன்ஜினீயர்கள் துண்டித்தார்கள். துண்டித்த பிறகும், ‘அந்த நிறுவனத்துக்குத்தானே போக வேண்டும்? என் வழியாக வாருங்கள்’ என்று லெவல் 3 ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஊரும் நம்பி வந்தது. வந்த டேட்டா அங்கேயே தொலைந்தது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் இந்தக் கூத்து நீடித்தது. உலக இணையப் போக்குவரத்தே 3.5 சதவீதம் குறைந்துவிட்டதாக கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் கணக்குச் சொன்னது.

காரணம் ஒரே ஒரு தவறான உத்தரவு. தாக்குதல் நோக்கத்தில் வரும் டேட்டாவைத் தடுக்க, ஒரு நெட்வொர்க் தன் ரவுட்டர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தடை உத்தரவு அனுப்ப ‘ஃப்ளோஸ்பெக்’ என்று ஒரு வசதி உண்டு. அன்று அதன் வழியே போன ஓர் உத்தரவு, ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சையே தடுத்துவிட்டது. பேச்சு நின்றால் உத்தரவும் அழிந்துவிடும். அழிந்ததும் பேச்சு திரும்பும். திரும்பிய பேச்சின் வழியே அதே உத்தரவு மறுபடி வந்து சேரும். ரவுட்டர்கள் விழுவதும் எழுவதுமாகக் கிடந்ததற்கு கிளவுட்ஃப்ளேர் இன்ஜினீயர்கள் ஊகித்துச் சொன்ன விளக்கம் இது. கடைசியில், ‘எங்களோடு உள்ள தொடர்பை நீங்களே அறுத்துவிடுங்கள்’ என்று மற்ற பெருநெட்வொர்க்குகளிடம் செஞ்சுரிலிங்க் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இணையத்தின் உயிர்நிலை எது, எந்த முனையில் அடித்தால் மொத்தமும் சாயும் என்று கால் நூற்றாண்டாக வரைபடம் போட்டு ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான ஆய்வுகள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த முனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? நிஜத்தில் நடந்த பெரிய விபத்துகளைப் புரட்டினால், முனை செத்ததால் வந்தவை குறைவு. உயிரோடு இருந்துகொண்டு தப்பாக வழி சொன்னதால் வந்தவையே அதிகம்.

டிஷ்யூ பேப்பரில் பிறந்த விதி

இணையம் ஒரே நெட்வொர்க் அல்ல. ஏர்டெல், ஜியோ, கூகுள், ஒரு பல்கலைக்கழகம், ஒரு வங்கி என்று தனித்தனி நிர்வாகத்தில் இயங்கும் நெட்வொர்க்குகளின் கூட்டு அது. ஒவ்வொன்றையும் ‘தன்னாட்சி அமைப்பு’ என்பார்கள். துறைக்குள் ‘ஏஎஸ்’ என்றால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. லெவல் 3-இன் எண் 3356, டாடா கம்யூனிகேஷன்ஸின் எண் 6453. இன்று உலகில் இப்படி 75,000-க்கு மேற்பட்டவை இயங்குகின்றன.

இவை தங்களுக்குள் வழி பேசிக்கொள்ளும் மொழி பிஜிபி. 1989 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் நடந்த ஒரு தொழில்நுட்பக் கூட்டத்தின் மதிய உணவு இடைவேளையில், சிஸ்கோவின் கிர்க் லஹீடும் ஐபிஎம்மின் யாகோவ் ரெக்டரும் கை துடைக்கும் டிஷ்யூ பேப்பர்களில் கிறுக்கி உருவாக்கியது. அப்போதைய நெருக்கடியைச் சமாளிக்கத் தற்காலிகமாகச் செய்த ஏற்பாடு. தற்காலிகம் என்று தொடங்கியவைதானே எப்போதும் நிலைத்துவிடுகின்றன!

பிஜிபியின் சாரம் எளிமையானது. ‘இந்த ஐபி முகவரிகள் என்னிடம் இருக்கின்றன’ என்று ஒரு நெட்வொர்க் பக்கத்து நெட்வொர்க்கிடம் சொல்லும். அது தன் எண்ணையும் சேர்த்துக்கொண்டு அடுத்ததிடம் சொல்லும். இப்படியே செய்தி உலகம் சுற்றும். சொல்வது உண்மையா என்று கேட்க அந்த விதியில் இடமே இல்லை. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு இன்ஜினீயர்கள் குறைவாக இருந்த காலத்தில் எழுதியது அது.

இன்னொரு விதியும் இருக்கிறது. ஒரே முகவரிக்கு இரண்டு அறிவிப்புகள் வந்தால், எது சிறிய தொகுதியைக் குறிப்பிட்டுச் சொல்கிறதோ அதைத்தான் ரவுட்டர் நம்பும். ஊர்ப் பெயர் மட்டும் சொல்பவரைவிட, தெருவும் கதவு எண்ணும் சேர்த்துச் சொல்பவருக்குத்தான் விஷயம் தெரியும் என்று தபால்காரர் நினைப்பதைப் போல. அப்படிச் சொல்பவர் பொய்யராக இருந்தால்?

2008 பிப்ரவரி 24 அன்று அதுதான் நடந்தது. மத உணர்வைப் புண்படுத்தும் வீடியோ இருக்கிறது என்று சொல்லி, யூடியூபை நாட்டுக்குள் தடை செய்யும்படி பாகிஸ்தான் அரசு உத்தரவிட்டது. பாகிஸ்தான் டெலிகாம் இன்ஜினீயர்கள் அதற்கு ஒரு குறுக்குவழி பிடித்தார்கள். யூடியூபின் முகவரிகள் தங்களிடம் இருப்பதாகத் தங்கள் ரவுட்டர்களுக்கு அறிவித்து, வரும் டேட்டாவைக் குப்பையில் போடுவது. உள்ளூரோடு நிற்க வேண்டிய அந்த அறிவிப்பு வெளியே கசிந்தது. யூடியூப் அதுவரை 1,024 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியை அறிவித்து வைத்திருந்தது. பாகிஸ்தான் அறிவித்தது அதற்குள்ளே அடங்கிய 256 முகவரிகளை. சிறியது ஜெயித்தது. அந்நாட்டு நேரப்படி இரவு 11.47-க்குக் கிளம்பிய அறிவிப்பு, சில நிமிடங்களில் உலகின் பெரும்பகுதியை இஸ்லாமாபாத் பக்கம் திருப்பிவிட்டது.

யூடியூப் சுதாரிக்க 80 நிமிடம் ஆனது. முதலில் அதே 256 முகவரிகளைத் தானும் அறிவித்தது. இப்போது இரண்டு அறிவிப்பும் சமம் என்பதால், உலகம் அருகில் இருப்பவர் பக்கம் சாய்ந்து இரண்டாகப் பிரிந்தது. பிறகு அதையும் உடைத்து 128, 128 என்று இரண்டாக அறிவித்தது. ஆனால் அவ்வளவு சிறிய தொகுதிகளைப் பல நெட்வொர்க்குகள் ஏற்றுக்கொள்வதே இல்லை. பாகிஸ்தான் டெலிகாமுக்கு வெளியுலக இணைப்பு தந்த ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனம் பாகிஸ்தானின் அறிவிப்புகளைத் திரும்பப் பெற்ற பிறகே, கிட்டத்தட்ட இரண்டேகால் மணி நேரம் கழித்து எல்லாம் ஒழுங்குக்கு வந்தது.

இதில் முக்கிய முனை எது? பாகிஸ்தான் டெலிகாமா? உலக வரைபடத்தில் அது ஓரத்தில் இருப்பது. அதை எடுத்துவிட்டால் அந்நாட்டுக்கு வெளியே யாருக்கும் பெரிதாகத் தெரியப்போவதில்லை. அதன் பேச்சை விசாரிக்காமல் உலகத்துக்குக் கடத்திவிட்ட ஹாங்காங் நெட்வொர்க்தான் என் கணக்கில் குற்றவாளி. தன் வாடிக்கையாளருக்கு எந்தெந்த முகவரிகள் உண்டு என்று ஒரு பட்டியல் வைத்து வடிகட்டியிருந்தால் விஷயம் வாசலிலேயே முடிந்திருக்கும்.

படம் போட்டுப் பார்த்தவர்கள்

1999-இல் ஃபலூட்சோஸ் சகோதரர்கள் மூவர், ஏஎஸ்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதத்தை அளந்தார்கள். பெரும்பாலானவற்றுக்கு ஓரிரண்டு இணைப்புகள். மிகச் சிலவற்றுக்கு நூற்றுக்கணக்கில். அடுத்த ஆண்டு ஆல்பர்ட், ஜியோங், பராபாசி மூவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: கண்ணை மூடிக்கொண்டு முனைகளை நீக்கினால் இணையம் அசையாது, ஆனால் இணைப்பு அதிகமுள்ள சிலவற்றைக் குறிபார்த்து நீக்கினால் துண்டுதுண்டாகிவிடும். அக்கிலிஸின் குதிகால் என்று இதழ் அதை அட்டையிலேயே போட்டது. நம் ஊர்க் கணக்கில் துரியோதனன் தொடை. பத்திரிகைகள் விடுமா? இணையத்தின் உயிர் சில முனைகளில் இருக்கிறது என்ற நம்பிக்கை அன்று பரவியதுதான், இன்றுவரை போகவில்லை.

நிஜ ரவுட்டர்களோடு பழகியவர்களுக்கு இது பொறுக்கவில்லை. வால்டர் வில்லிங்கர், டேவிட் ஆல்டர்சன், ஜான் டாயில் ஆகியோர் இருந்த குழு 2005-இல் பதில் எழுதியது. ஒரு ரவுட்டரின் மொத்தத் திறனுக்கு வரம்பு உண்டு. அதை நிறைய மெதுவான இணைப்புகளாகவும் பிரிக்கலாம், கொஞ்சம் வேகமான இணைப்புகளாகவும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. ஆகவே நூற்றுக்கணக்கான இணைப்புகள் கொண்ட ரவுட்டர் இருக்கும் இடம், வாடிக்கையாளர்களைச் சேர்த்துக் கட்டும் ஓரப்பகுதி. நடுவில் இருப்பவற்றுக்குக் விரல் விட்டு எண்ணும் அளவுதான் இணைப்பு, ஆனால் ஒவ்வொன்றும் அசுர வேகம். ஓரத்து ரவுட்டர் ஒன்று போனால் அந்தப் பேட்டை இருளும், உலகம் இருளாது. கோடுகளின் எண்ணிக்கையை வைத்து முக்கியத்துவம் பேசாதே என்பதே அவர்கள் சொன்னதன் பொருள். அந்தச் சண்டையில் நான் இவர்கள் பக்கம்தான்.

கோடு இருக்கிறது என்பதற்காக அதன் வழியே போய்விடவும் முடியாது. 2001-இல் லிக்ஸின் காவ் இதைத் தெளிவாக்கினார். இணைப்புகளுக்குப் பின்னால் பணம் இருக்கிறது. ஒருவர் மற்றவருக்குக் காசு கொடுத்து வாங்குவது ‘ட்ரான்சிட்’. இருவரும் காசில்லாமல் பரிமாறிக்கொள்வது ‘பியரிங்’. ஒரு கல்லூரி இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் பார்த்தால் அந்த இரு பெரியவர்களுக்கும் நடுவே கல்லூரி ஒரு பாலம். நிஜத்தில் அந்தப் பாலத்தில் யாரும் ஏறக் கூடாது. அடுத்தவன் டேட்டாவைத் தன் காசில் சுமக்க கல்லூரிக்கு என்ன தலையெழுத்து?

ஏறிய நாட்களும் உண்டு. 2019 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிக்யூஇ என்ற சிறிய இணைய நிறுவனம், போக்குவரத்தைச் சீராக்க ஒரு மென்பொருள் வைத்திருந்தது. அது தன் உள்வசதிக்காகப் பெரிய தொகுதிகளை உடைத்து உருவாக்கிய சிறு அறிவிப்புகள், வாடிக்கையாளரான அலெகெனி டெக்னாலஜீஸ் என்ற உலோக நிறுவனத்துக்குப் போயின. உலோக நிறுவனம் அவற்றைத் தன் இன்னொரு இணைப்பான வெரைசனிடம் சொல்ல, வெரைசன் உலகத்திடம் சொல்லிவிட்டது. கிளவுட்ஃப்ளேர், அமேசான் போன்ற பெருநெட்வொர்க்குகளுக்குப் போக வேண்டிய டேட்டாவில் கணிசமான பகுதி, எஃகும் டைட்டானியமும் செய்யும் ஒரு கம்பெனியின் வழியே போக முயன்று நெரிந்தது. எந்த ஆய்வாளரின் ‘முக்கிய முனைகள்’ பட்டியலிலும் அந்தக் கம்பெனி இருந்திருக்காது.

இந்தியாவும் இந்தக் கதையில் உண்டு. 2021 ஏப்ரல் 16 அன்று வோடஃபோன் ஐடியாவின் நெட்வொர்க், தனக்குச் சம்பந்தமே இல்லாத 30,000-க்கு மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தன்னுடையவை என்று அறிவித்தது. 2015 நவம்பரில் ஏர்டெல் இதே காரியத்தை 16,000-க்கு மேற்பட்ட தொகுதிகளுக்குச் செய்திருந்தது. இரண்டிலும் கெட்ட எண்ணம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. கைத்தவறுதான்.

படமே முழுமையானதல்ல என்பது இன்னொரு சங்கடம். ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ‘ரூட்வியூஸ்’ போன்ற திட்டங்கள் உலகின் பல இடங்களில் காதை வைத்து பிஜிபி பேச்சைப் பதிவு செய்கின்றன. காது எங்கே இருக்கிறதோ அதன் பக்கத்து நெட்வொர்க் மிகப் பெரிய ஆள் போலத் தெரியும், எல்லா வழியும் அதைத் தாண்டித்தானே காதுக்கு வர வேண்டும். ஜப்பானில் பணியாற்றும் ரொமேன் ஃபொன்டூன் குழுவினர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். எல்லாக் காதுகளின் கணக்கையும் வரிசைப்படுத்தி, மிக அதிகம் சொல்பவர்களையும் மிகக் குறைவாகச் சொல்பவர்களையும் கழித்துவிட்டு, நடுவில் இருப்பவர்களின் சராசரியை எடுப்பது. ஒரு நாடு எந்தெந்த நெட்வொர்க்குகளை நம்பிப் பிழைக்கிறது என்று பார்க்க இன்று இருப்பதில் உருப்படியான அளவுகோல் இது என்பேன்.

காதுக்கே எட்டாத பேச்சும் இருக்கிறது. பியரிங் இணைப்புகளை இருவர் தங்களுக்குள் வைத்துக்கொள்வார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். ஐரோப்பாவின் பெரிய இணையப் பரிமாற்ற நிலையம் ஒன்றின் உள்ளே போய் 2012-இல் எண்ணிப் பார்த்தபோது, அந்த ஓர் இடத்தில் மட்டும் 50,000-க்கு மேற்பட்ட இணைப்புகள் கிடைத்தன. உலகம் முழுவதற்கும் அதுவரை தெரிந்திருந்த பியரிங் இணைப்புகளைவிட அது அதிகம்.

ஏஎஸ் இரண்டு, பள்ளம் ஒன்று

சென்னையில் ஒரு கம்ப்யூட்டரில் ‘ட்ரேஸ்ரூட்’ கட்டளையைக் கொடுத்து சிங்கப்பூரில் உள்ள ஒரு சர்வருக்கு வழி கேட்டுப் பாருங்கள். முதல் வரியில் வீட்டு ரவுட்டர், 192.168-இல் ஆரம்பிக்கும் முகவரி, ஓரிரு மில்லி விநாடி. அடுத்த சில வரிகளில் இணைய நிறுவனத்தின் ரவுட்டர்கள். சிலவற்றுக்குப் பதில் வராது, நட்சத்திரக்குறிதான் விழும். பிறகு ஒரு வரியில் எண் சட்டென்று 30 மில்லி விநாடியைத் தாண்டிக் குதிக்கும். அந்தக் குதிப்புதான் வங்காள விரிகுடா. கடலடியில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய் வரக் கண்ணாடி இழைக்குள் ஒளிக்கு ஆகும் நேரம். 2002-இல் வந்த ஐ2ஐ, 2004-இல் வந்த டாடாவின் கேபிள், 2005-இல் வந்த சீ-மீ-வீ 4 என்று பல கேபிள்கள் சென்னைக் கரையில் ஏறுகின்றன. ட்ரேஸ்ரூட் எந்தக் கேபிள் என்று சொல்லாது. பிஜிபிக்கும் அது தெரியாது.

இங்கேதான் வரைபடம் நம்மை ஏமாற்றும். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினால் இரண்டு வழி என்று நினைத்துக்கொள்கிறோம். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்கு அருகில் சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரு கேபிள்களும் அறுந்தன. உரிமையாளர்கள் வேறு, ஒப்பந்தங்கள் வேறு, கிடந்த கடல்பகுதி ஒன்று. இந்தியாவின் வெளிநாட்டு இணைப்பில் பெரும்பகுதி அடிபட்டது. மும்பை வழியாக ஐரோப்பா போவதற்கு எகிப்தையும் செங்கடலையும் விட்டால் நல்ல வழி இல்லை என்பது அன்று உறைத்தது. உறைத்தும் என்ன? 2024 பிப்ரவரியில் ஹூதிகளின் ஏவுகணை பட்டுக் கைவிடப்பட்ட ‘ரூபிமார்’ கப்பல், மூழ்கும் முன் செங்கடலில் மிதந்து அலைந்தபோது, அது இழுத்துச் சென்ற நங்கூரமே அங்கே மூன்று கேபிள்களை அறுத்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே மறுபடி கேபிள்கள் துண்டாகி இந்தியா, பாகிஸ்தான் இரண்டிலும் வேகம் விழுந்தது.

தரையிலும் இதே கதைதான். 2011 மார்ச்சில் ஜார்ஜியாவில், மண்ணில் புதைந்த செம்பைத் தேடி மண்வெட்டி போட்ட ஒரு மூதாட்டி கண்ணாடி இழைக் கேபிளை வெட்டிவிட்டதாக அந்நாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். பக்கத்து நாடான ஆர்மீனியாவின் பெரும்பகுதிக்கு மணிக்கணக்கில் இணையம் இல்லை.

நம் பக்கத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. சென்னையில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பு வைத்திருக்கும் இருவர் மெயில் அனுப்பிக்கொண்டால், அது அமெரிக்காவரை போய்த் திரும்பி வரக்கூடிய காலம் ஒன்று இருந்தது. இரு நிறுவனங்களும் இங்கே நேரடியாகக் கைகோக்கவில்லை என்பதுதான் காரணம். அதை மாற்றத்தான் 2003-இல் ‘நிக்ஸி’ என்ற தேசியப் பரிமாற்ற அமைப்பு வந்தது. சென்னையிலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு.

இதற்கிடையே நடு மேடையில் ஆட்கள் மாறிவிட்டார்கள். கூகுள், ஃபேஸ்புக் போன்றவர்கள் பழைய பெருநெட்வொர்க்குகளைத் தாண்டி, உங்கள் இணைய நிறுவனத்தின் வாசலுக்கே சொந்தக் கேபிளோடு வந்துவிட்டார்கள். 2009-லேயே 150 ஏஎஸ்கள் சேர்ந்து உலகப் போக்குவரத்தில் பாதியைக் கையாண்டன என்று கிரெய்க் லபோவிட்ஸ் குழு அளந்தது. 2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப் நின்றது பலருக்கு நினைவிருக்கும். பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை ஃபேஸ்புக்கின் உள்நெட்வொர்க்கை அறுத்தது. தளப்பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் அதன் டிஎன்எஸ் சர்வர்கள், ‘டேட்டா சென்டரோடு தொடர்பில்லை என்றால் நமக்குத்தான் ஏதோ கோளாறு’ என்று முடிவுகட்டி, தங்கள் முகவரிகளை பிஜிபியிலிருந்து தாங்களே விலக்கிக்கொண்டன. பாதுகாப்புக்கு என்று எழுதிய விதி அது. ஏறக்குறைய ஆறு மணி நேரம் அந்த நிறுவனமே இணையத்தில் இல்லை. மற்ற இணையமோ அன்று நலமாகவே இருந்தது.

பூட்டுக்கு வந்த சோதனை

பொய் அறிவிப்புகளுக்கு மருந்து இல்லாமல் இல்லை. ஆர்பிகேஐ என்ற ஏற்பாட்டில், ‘இந்த முகவரித் தொகுதியை இந்த ஏஎஸ் எண்தான் அறிவிக்கலாம்’ என்று உரிமையாளர் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு வைப்பார். பொருந்தாத அறிவிப்பை ரவுட்டர்கள் தள்ளிவிடும். 2008-இல் இது நடைமுறையில் இருந்திருந்தால் பாகிஸ்தானின் அறிவிப்பு ஹாங்காங்கிலேயே நின்றிருக்கும். 2024-இல்தான் உலகின் ஐபிவி4 வழிகளில் பாதிக்கு மேல் இப்படிக் கையெழுத்து ஏறியது. இது தொடக்கப்புள்ளியை மட்டுமே சரிபார்க்கும். நடுவில் எந்தெந்தக் கை மாறி வந்தது என்று பார்க்காது. கையெழுத்தைச் சரிபார்க்காமல் விடும் நெட்வொர்க்குகளும் இன்னும் ஏராளம்.

2024 ஜனவரி 3 அன்று ஸ்பெயினில் ஆரஞ்சு நிறுவனத்தின் இணையம் சரிந்தது. கேபிள் அறுபடவில்லை, ரவுட்டர் பழுதாகவில்லை, யாரும் பொய்யாக எதையும் அறிவிக்கவில்லை. ஐரோப்பாவின் முகவரிப் பதிவகமான ரைப்பில் ஆரஞ்சு வைத்திருந்த கணக்குக்குள் ஒரு ஆள் புகுந்து, ஆரஞ்சின் முகவரிகளுக்கான கையெழுத்தை வேறொரு ஏஎஸ் எண்ணுக்கு மாற்றிவிட்டார். அவ்வளவுதான். உலகெங்கும் ஒழுங்காகச் சரிபார்த்துக்கொண்டிருந்த நெட்வொர்க்குகள் எல்லாம் ஆரஞ்சின் உண்மையான அறிவிப்பைப் பொய் என்று தள்ளின. சரிபார்க்காதவர்களின் டேட்டா மட்டும் தடையின்றிப் போய்ச் சேர்ந்தது. சில மணி நேரத்துக்கு ஆரஞ்சின் போக்குவரத்து ஏறக்குறைய பாதியாக விழுந்தது.

அந்தக் கணக்குக்குப் போட்டிருந்த பாஸ்வேர்டு, ‘ரைப்அட்மின்’. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போடப்படவில்லை. அதே ஆண்டில் ரைப் எல்லாக் கணக்குகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது.